3,87,000 கி.மீ. ஓடிய இன்னோவா, கேரள வண்டி: வாங்கலாமா?

தையல்மெஷின்_செங்கோட்டை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இதுவரை வீட்டில் பைக் மட்டும்தான். இப்போது கார் வாங்கியே ஆக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, பஸ் படி ஏற முடியாது. மாமனார் வீடு புனலூர். மாதம் இரண்டு தடவையாவது போய் வருகிறோம். நானும் வீட்டுக்காரியும், மூன்று பிள்ளைகள், அம்மா, பல நேரம் தங்கச்சியும். ஏழு பேர்.

புனலூரில் மாமனாருக்குப் பழக்கமான ரப்பர் எஸ்டேட் மேனேஜர் ஒருவர் தன் இன்னோவாவை விற்கிறார். 2.5 டீசல், 2012 ஜூன் பதிவு, கேஎல் 25, ஒரே ஓனர். மீட்டரில் 3,87,000 கி.மீ. கேட்கிற விலை 4.75 லட்சம். என் கையில் இருப்பது 5.20 லட்சம். கடன் வாங்க மனமில்லை.

இன்னொன்று, தென்காசியில் ஒரு புரோக்கர் காட்டிய சின்ன பெட்ரோல் கார். 2016 வண்டி, 58,000 கி.மீ., 4.10 லட்சம். ஆனால் ஐந்து பேர்தான் உட்காரலாம்.

கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டால், மூன்று லட்சம் கி.மீ. தாண்டினாலே வண்டி முடிந்தது என்கிறார்கள். மாமனார், டீசல் இன்னோவாவுக்கு நாலு லட்சமெல்லாம் ஒரு விஷயமா என்கிறார். நாற்பது வருஷம் ஓடியும் தையல் பிசகாத மெஷினையும் பார்த்திருக்கிறேன், எண்ணெய் விடாமல் இரண்டே வருஷத்தில் தேய்ந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். மெஷினில் இருக்கிற அந்தக் கண் எனக்குக் காரில் இல்லை. வாங்கிய பிறகு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்? கணக்கு எழுதி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வருஷத்துக்கு எட்டாயிரம் கி.மீ. ஓட்டினால் அதிகம்.

சுரண்டை_கார்த்தி:

அண்ணே, கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீங்க. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒரு அறிவியல் வாத்தியார் இருந்தார். 1966இல் வாங்கிய வால்வோ பி1800எஸ் காரை 2013இல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தார். நம்ம கணக்கில் 48 லட்சம் கி.மீ. கின்னஸில் இருக்கிறது. முதல் தடவை இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்ததே 6,80,000 மைலில்தான். அதாவது ஏறக்குறைய 11 லட்சம் கி.மீ. அந்தக் கணக்குக்கு 3,87,000 என்ன பெரிசு? தாராளமாக வாங்குங்க.

புளிமண்டி_இலஞ்சி:

தம்பி, நான் புளி, வத்தல் வியாபாரம். புனலூர், கொட்டாரக்கரை, அடூர், கொல்லம் என்று கடை கடையாய்ப் போய் ஆர்டர் எடுப்பேன். என்னுடையதும் அதே 2.5 டீசல்தான், 2009 வண்டி. 2015இல் 1,84,000 கி.மீ.யில் 6.40 லட்சத்துக்கு வாங்கினேன். இன்று காலை மீட்டர் 6,12,000. என் கையில் ஓடியது மட்டும் 4,28,000.

நீங்கள் கேட்ட கணக்கு என்னிடம் இருக்கிறது. மண்டிக் கணக்கு எழுதுகிற நீள நோட்டில் வண்டிக்கென்று தனியாக எழுதி வருகிறேன். பஞ்சர் ஒட்டியதுகூட இருக்கும். நேற்று ராத்திரி உங்களுக்காக உட்கார்ந்து கூட்டினேன். டீசல், டயர், இன்சூரன்ஸ் நீங்கலாக சாமானுக்கும் வேலைக் கூலிக்கும் 7,06,000 ரூபாய். கி.மீ.க்கு 1 ரூபாய் 65 காசு வருகிறது. டீசலுக்கு ஏறக்குறைய 28 லட்சம் போயிருக்கிறது, அது கி.மீ.க்கு ஆறரை ரூபாய். இப்போது விற்றாலும் மூன்றரை லட்சம் தர ஆள் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டி, விலையில் இழந்தது மூன்று லட்சத்துக்குள். புது வண்டி எடுத்திருந்தால் இதைவிட அதிகம் முதல் மூன்று வருஷத்திலேயே போயிருக்கும்.

ஆனால் இந்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து நீங்கள் வாங்கிவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த 7,06,000 வருஷா வருஷம் சமமாக வரவில்லை. 2017 முழுக்க வெறும் 19,000. 2021இல் 2,11,000. பழைய வண்டியின் செலவு ஆற்றுத் தண்ணீர் மாதிரி. பத்து மாதம் கணுக்கால் அளவு இருக்கும், ஒரே நாளில் கழுத்துக்கு வரும். அன்றைக்குக் கையில் பணம் இல்லாதவன் என்ன செய்வான்? வண்டியை ஷெட்டிலேயே போட்டுவிட்டு வருவான். இரண்டு மழைக்காலம் நின்றால் அது இரும்புக் கடைக்குத்தான்.

2021இல் என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன், தப்பு முழுக்க என்னுடையது. இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது. ஏன் குறைகிறது என்று பார்க்காமல், போகிற வழியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன். கார்த்திகை மாதம், சாமிமார் வண்டிகளாய் ரோடு நிறைந்திருக்கிறது. கொல்லத்திலிருந்து திரும்புகிறேன். தென்மலை தாண்டி, பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கம் ஏறும்போது ஏசி சூடாக ஊத ஆரம்பித்தது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன், சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. அங்கேயே ஓரம் கட்டியிருக்க வேண்டும். ராத்திரி நேரம், ஆரியங்காவு போனால் ஆள் கிடைக்கும் என்று இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்தேன். இன்ஜின் மேல்மூடியான ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கிற கேஸ்கட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து, கடைசியில் இன்ஜினையே பிரித்து 1,35,000 ரூபாய். வெடித்தது ரேடியேட்டர் மேல் ஹோஸ். சில நூறு ரூபாய் சாமான்.

அதனால் நீங்கள் பார்க்கப் போகும்போது, வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் போய் அந்த ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ரப்பர் அமுங்கி எழும். கெட்டது கட்டை மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பி, அமுக்கினால் உள்ளே நொறுநொறு என்று இருக்கும். பக்கத்தில் இருக்கிற கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். சிவப்போ பச்சையோ தெளிவாக இருந்தால் அந்த ஓனர் கவனித்திருக்கிறார். காபி நிறத்தில் இருந்தால் துரு. நான் ஊற்றியது மாதிரி ஊற்றியிருக்கிறார்.

அடுத்தது டைமிங் பெல்ட், வால்வைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைப்பது. இந்த இன்ஜினுக்குச் சங்கிலி கிடையாது, பெல்ட். 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில்தான் சங்கிலி. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் இன்ஜினே போச்சு. நான் லட்சம் கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன். கடைசியாக எந்தக் கிலோமீட்டரில் மாற்றினார் என்று கேளுங்கள். பில் காட்டினால் நம்புங்கள். "மாத்தியாச்சு" என்ற வாய் வார்த்தையை மாற்றாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி சொன்ன அமெரிக்கக்காரர் கதை உண்மைதான். ஆனால் அவர் ஓட்டியதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. ஒரு தடவை சூடான இன்ஜின் நாள் முழுக்க ஒரே சீராக ஓடுவது வேறு, எஸ்டேட் மண் பாதையில் காலையில் இரண்டு கி.மீ., நிறுத்தி, மறுபடி மூன்று கி.மீ. என்று ஓடுவது வேறு. இந்த மேனேஜர் வருஷத்துக்குச் சராசரி 28,000 ஓட்டியிருக்கிறார். கொச்சிக்கும் கோட்டயத்துக்கும் போய் வந்ததா, எஸ்டேட்டுக்குள் சுற்றியதா என்று மாமனாரிடம் கேளுங்கள். உள்ளேதான் சுற்றியது என்றால் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் என்று சக்கரத்தைத் தாங்குகிற சாமானெல்லாம் ஒரு சுற்று மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு அந்த வேலை கடைசியாக 28,000 ஆனது. கிளட்ச் 24,000.

என் யோசனை இதுதான். 5.20 வைத்துக்கொண்டு 4.75க்கு வாங்காதீர்கள். வண்டி நல்லதோ கெட்டதோ, அந்த விலையில் உங்களுக்கு அது ஆகாது. வரி, பேர் மாற்றம் எல்லாம் போக, தொடாத பணம் ஒரு லட்சமாவது வங்கியில் கிடக்க வேண்டும். அதற்கு எந்த விலை தோதுப்படுகிறதோ அந்த விலைக்குக் கேளுங்கள்.

கடையநல்லூர்_மகள்:

நான் கொட்டாரக்கரையில் வாக்கப்பட்டவள். அப்பாவுக்காக இங்கிருந்து ஒரு 2016 கேரள வண்டி வாங்கித் தென்காசிக்கு மாற்றினேன். அண்ணாச்சி சொல்லாமல் விட்ட பேப்பர் செலவைச் சொல்கிறேன்.

விற்கிறவர் முதலில் புனலூரில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று எடுக்க வேண்டும், ஃபாரம் 28. லோன் இருந்திருந்தால் அதை ஆர்சி என்ற பதிவுச் சான்றிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து இங்கே ரோடெல்லாம் ஏஐ கேமரா அபராதம். எங்கள் வண்டிக்கு ஓனருக்கே தெரியாமல் மூன்று சலான் கிடந்தது, அதைக் கட்டி முடித்த பிறகுதான் என்ஓசி நகர்ந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அப்புறம் பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து. இந்தப் பக்கம் வந்ததும் புது நம்பருக்கு ஃபாரம் 27. வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள்.

பெரிய செலவு ஆயுள் வரி. கேரளாவில் கட்டியது இங்கே செல்லாது. புதிதாக வாங்கியபோது இருந்த விலையை வைத்து, வயதுக்கு ஏற்ற விகிதத்தில் தமிழ்நாட்டில் மறுபடி கட்ட வேண்டும். எங்கள் சின்ன வண்டிக்கே நாற்பதாயிரத்தைத் தாண்டியது. இன்னோவாவின் அன்றைய விலைக்கு இன்னும் கூடும். முதலில் தென்காசி அலுவலகத்தில் போய்த் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு விலை பேசுங்கள். கேரள நம்பரிலேயே ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றக் கொடுத்துவிடுங்கள். அவருடைய நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது ஆளோடு போகும்.

இன்னொன்று. 2012 ஜூன் பதிவு என்றால் ஆர்சி 2027 ஜூனோடு முடிகிறது. நீங்கள் வாங்கிக் கொஞ்ச நாளிலேயே 15 வருஷப் புதுப்பிப்பு வந்துவிடும்.

புளிமண்டி_இலஞ்சி:

நல்லவேளை தங்கச்சி ஞாபகப்படுத்தினார். என் வண்டிக்கு 2024இல் செய்தேன். கட்டணம் 5,000, பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 சேரும். கட்டணத்தைவிட வண்டியை ஆய்வுக்குத் தயார் செய்யத்தான் செலவு. கீழே துரு, லைட், புகை எல்லாம் பார்ப்பார்கள். ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

ஸ்பேனர்_புளியரை:

நான் மெக்கானிக். அண்ணாச்சி சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாறுபாடு. வருஷத்துக்கு எட்டாயிரம்தான் ஓட்டப் போகிறவருக்கு டீசலில் மிச்சமாகும் பணம், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வேலை ஒன்றுக்குக் காணாது. ஏழு பேர் என்ற ஒரு காரணம் இல்லாவிட்டால் பெட்ரோல் பக்கம்தான் போகச் சொல்வேன்.

ஆனால் அந்த 58,000 வண்டியை நம்பி இதை விடாதீர்கள். 2016 வண்டி வருஷத்துக்கு ஆறாயிரம்தான் ஓடியிருக்கிறதா? இருக்கலாம். போன மாதம் என் ஷெட்டுக்கு ஒரு வண்டி வந்தது, மீட்டரில் 62,000. கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழு என்று தகடு தெரிகிறது. பானட்டைத் திறந்தால், ஆயில் மாற்றியபோது யாரோ ஒட்டிய ஸ்டிக்கர், 1,41,000 என்று எழுதி, கரி படிந்து ஓரத்தில் அப்படியே இருக்கிறது. வாங்கிய பையன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். 3,87,000 என்று மீட்டரை மறைக்காமல் காட்டுகிற வண்டியில் அந்த ஒரு பயம் இல்லை. புரோக்கர் வண்டிக்கு டயரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 58,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் டயர் ஏற்கெனவே இரண்டு செட் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னோவாவுக்கு: முதல்நாளே போன் பண்ணி, நான் வருகிற வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரு சாவிக்குப் பிடிக்கிறதா பாருங்கள். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து மறைந்தால் சரி. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி அதன் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. குதித்து விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, காற்று கீழே இறங்குகிறது. டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கித் தரையை விரலால் அழுத்துங்கள். அந்தப் பக்கத்து மழைக்குத் துரு அங்கிருந்துதான் ஏறும்.

தையல்மெஷின்_செங்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே புனலூர் போய்விட்டேன். நீங்கள் சொன்னதை எல்லாம் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போனேன்.

ஒரு சாவிக்குப் பிடித்தது. புகை மறைந்துவிட்டது. மூடி ஆடியது, குதிக்கவில்லை. காலடித் தரை காய்ந்து கெட்டியாக இருந்தது. ஹோஸ் கட்டை மாதிரிதான் இருந்தது. கூலன்ட் காபி நிறமில்லை, ஆனால் கலங்கல்.

மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் கவரில் பில் கட்டு கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் எட்டு வருஷம் பத்தாயிரத்துக்கு ஒரு ஆயில், தவறவே இல்லை. பெல்ட் 2,05,000இல் மாற்றிய பில் இருக்கிறது. 3,12,000க்கு அப்புறம் ஒரு பில்லும் இல்லை. கேட்டேன். வீட்டம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு வண்டியைக் கவனிக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார். அந்த வருஷங்களில் பெரும்பாலும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியதுதானாம்.

அப்புறம் என் தொழில் பழக்கத்தில் ஒன்று செய்தேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். தையல் மெஷினில் எந்த புஷ் தேய்ந்தது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பேன். மற்ற இடமெல்லாம் சீராக இருந்தது. முன்பக்கம், பெல்ட் மூடியின் மேல் வைத்தால் மட்டும் ஒரு மெல்லிய கரகரப்பு, எண்ணெய் வற்றிய பேரிங்கின் சத்தம். அவரையும் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

3.95 லட்சத்துக்குச் சம்மதித்துவிட்டார். என்ஓசியும் சலானும் அவர் பொறுப்பு. தென்காசியில் கேட்ட வரியும் மாற்றுச் செலவும் போக என் கையில் 55,000 மிஞ்சும். அண்ணாச்சி சொன்ன ஒரு லட்சம் இல்லை. அம்மாவை நினைத்தால் விடவும் மனமில்லை. வாங்கினால் எந்த வேலையை முதலில் செய்யட்டும்? செங்கோட்டைக்குக் கொண்டுவந்து ஸ்பேனர் அண்ணனிடம் காட்டலாமா?

ஸ்பேனர்_புளியரை:

அந்தச் சத்தம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங்காகத்தான் இருக்கும். 2,05,000இல் மாற்றிய பெல்ட் 1,82,000 ஓடியிருக்கிறது. அதோடு மலை ஏறி என்னிடம் வர வேண்டாம். நான் புனலூருக்கு வருகிறேன்.

புளிமண்டி_இலஞ்சி:

ஸ்பேனர் சொல்வதுதான் சரி. தம்பி, ஒரு லட்சம் இல்லாவிட்டாலும் 3.95 நியாயமான விலை. பில் கட்டோடு, நடந்ததை நடந்தபடி சொல்கிற ஆளிடம் வாங்குகிறீர்கள். நானும் எடுக்கத்தான் சொல்வேன். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், இரண்டு ஹோஸ், கூலன்ட், ஆயில், ஃபில்டர். இவ்வளவும் புனலூரிலேயே முடித்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். போன தடவை எனக்கு இதற்கு மொத்தம் 23,000 ஆனது. ஆயில் மட்டும் ஏறக்குறைய ஏழு லிட்டர் பிடிக்கும், குறைத்து ஊற்ற விடாதீர்கள். புஷ், ஷாக் சத்தம் போட்டாலும் ஆறு மாதம் பொறுக்கலாம். மிச்சம் 32,000த்தைத் தொடாமல், மாதம் 3,000 சேர்த்துக்கொண்டே வாருங்கள். வரும் 2027 ஜூனுக்குள் புதுப்பிப்புக்கும் டயருக்கும் அது போதும்.

புதன்கிழமை நான் கொட்டாரக்கரை போகிறேன். என்ஓசி வந்துவிட்டால் ஸ்பேனரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் மடக்கிப் பாருங்கள். பல்லுக்கு நடுவே வெடிப்பு இருக்கும்.